ஜுரத்தை ஒளித்த அக்காவுக்கு

என் சண்டைக்கார அக்கா மல்லிகாவுக்கு,

நீ போன இடத்திலாவது செருப்பு போட்டுக்கொண்டு நடப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

போன வாரம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உன்னைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அட்டிகை போட்டுக்கொண்டு சிரிக்கிறாயே, அந்தப் போட்டோ. சுற்றிலும் உன் வீட்டுக்காரர், மாமாவின் உறவுக்காரர்கள் வட்டம் வட்டமாகக் கைகூப்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் முகத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், நர்ஸின் அலட்சியத்துக்குப் பலியான எங்கள் குலவிளக்கு என்று தெலுங்கில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இரண்டு பாஷையிலும் பொய்.

என் மாங்காய் மண்டிக்குப் போகிற வழி அது. தினமும் காலையில் நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். தினமும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வருகிற திங்கட்கிழமை திருப்பதியில் நீ கிடந்த அந்த ஆஸ்பத்திரியில் விசாரணை. உன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சுகுணா சிஸ்டரை வேலைக்கு வரவேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். உன் அக்குளில் தெர்மாமீட்டரே வைக்காமல், ஜுரம் இல்லை என்று கடைசி இரண்டு நாளும் பொய்யாக எழுதினாள் என்று மாமா மனு கொடுத்திருக்கிறார். அது உறுதியானால் அவளுக்கு வேலை போகும். பொய்க் கணக்கு எழுதியவள் என்று பேர் வாங்கியவளை வேறெந்த ஆஸ்பத்திரியும் வாசற்படி ஏற்றாது.

அவள் வைத்தாள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நீ வந்து சாட்சி சொல்ல முடியாது, அதனால் நான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் போட வேண்டிய சண்டை பாக்கி இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். பேனரும் பகிரங்கமாகத்தானே நிற்கிறது?

உன் பெண் சுதாவுக்குப் பாகாலாவிலிருந்து வரன் கூடிவந்ததும், வேண்டுதல் என்று வெறுங்காலோடு திருப்பதி மலைப்படி ஏறினாய். சுகர் உள்ள உடம்பு, வெடித்த குதிகால், எதையோ மிதித்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டாய். கணுக்கால் வீங்கி, சிவப்பு முழங்காலை நோக்கி ஏற ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாய். அது வரைக்கும் உன் மேல் எனக்கு வருத்தம்தான், கோபமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நீ செய்ததுதான் கோபம்.

நம் ஊர்ப்பக்கத்துச் சங்கடம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மாப்பிள்ளை வீடு தெலுங்கு. அவர்களுக்கு ஆஷாடம் பிறந்துவிட்டால் நல்ல காரியம் கூடாது. அது முடிவதற்குள் நமக்கு ஆடி பிறந்துவிடும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கல்யாணம் ஆவணி வரை நகராது. நிச்சயத்துக்கு ஆஷாடத்துக்கு முன்னால் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம் இருந்தது. பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால் தாம்பூலத் தட்டை யார் மாற்றுவது? உனக்கு அந்த ஒரே கவலை. ஆவணி வரைக்கும் காத்திருந்தால் அந்தப் பையன் என்ன அழுகிப் போய்விடுவானா அக்கா? மாங்காயா அவன்?

நான் உன்னை முதல் முறை பார்க்க வந்தபோது, சுகுணா சிஸ்டர் உன் வீட்டுக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள். புத்தூர்ப் பக்கத்துப் பெண். நம்ம பேச்சுதான் பேசுவாள். மாமா உன் கட்டிலில் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிற சலைன் குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எறங்குங்க. வெளியில சுத்திட்டு வந்த காலோட பேஷண்ட் பெட்டுல ஏறலாமா? அந்த டியூபை எதுக்குத் தொடுறீங்க?"

"சும்மா பாத்தேம்மா. நிக்குதா, போய்க்கினு இருக்குதான்னு."

"பாக்குறதுக்குக் கண்ணு இருக்குதில்ல? கை எதுக்கு?"

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அவளுக்குச் சில்லுக்கை என்று பேர் வேறு வைத்தாய். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் கையில் மருந்து தேய்த்துக்கொள்வாள், தொட்டால் ஜில்லென்று இருக்கிறது என்பாய். "டேய் முனி, இவ கையைக் களுவறதைப் பாத்தா என்னைத் தொட்டது பாவம்ன்ற மாதிரி இருக்குதுடா" என்று அவள் காதுபடவே சொன்னாய். அவளும் விடவில்லை. "ஆமாம்மா. அந்தம்மா கால்ல இருக்குற சீழை எடுத்தாந்து உங்களுக்குக் குடுத்தா, அது பாவம்தான்" என்று பக்கத்துக் கட்டில்காரியைக் காட்டினாள். உன் கையில் ஊசி செருகியிருந்த இடம் லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கி இன்னொரு கையில் புதிதாகப் போட்டாள். இரண்டாவது தடவை குத்துகிறாளே என்று நீ திட்டினாய். கிருமி உள்ளே போக இன்னொரு வாசல் திறந்துவிடக் கூடாதென்றுதான் அவள் அதைச் செய்தாள்.

அவ்வளவு பெரிய வார்டுக்கு அந்த ஷிஃப்டில் அவளும் பயிற்சிக்கு வந்த இன்னொரு பெண்ணும்தான். என் மண்டியில் ஒரு லோடு இறக்கவே அதைவிட அதிகம் ஆள் போடுவேன். இதைப் பற்றிப் பேனர் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை, பார்த்தாயா?

மருந்து ஏறியதும் முதலில் உனக்குக் குணம் தெரிந்தது நிஜம். ஜுரம் தணிந்தது, இட்லி தின்றாய், டாக்டரும் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு ஜுரம் திரும்பி வந்தது. அதை நீ அவர்களிடம் சொல்லவில்லை. நீ செய்ததெல்லாம் பிறகு சுதா வாயால் கேட்டது. சுதாவிடம் கடையில் ஜுர மாத்திரை வாங்கிவரச் சொல்லித் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாய். சிஸ்டர் எந்நேரத்துக்குத் தெர்மாமீட்டரோடு வருவாள் என்று கவனித்து வைத்து, அதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டாய். மாமா ஈரத்துணியால் உன் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டார். அவள் வந்து பார்த்தால் ஜுரம் இல்லை. அவள் அப்படியே எழுதினாள். கருவி காட்டியதைத்தானே எழுத முடியும்?

ஆனாலும் நாடி வேகமாக ஓடுகிறதென்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். ஜுரம் இல்லாததால், வலியாலும் அப்படி இருக்கலாம், பார்ப்போம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மேல்தட்டில் நல்ல பழத்தை அடுக்கி அடியில் அழுகலை வைத்து அனுப்புகிறவனை என் தொழிலில் என்ன பேர் சொல்லித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. மனசுக்குள் கூப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, இன்றைக்கு டிஸ்சார்ஜ் என்று மாமா போன் செய்ததும் மண்டியை அப்படியே விட்டுவிட்டு மத்தியானம் கார் எடுத்துக்கொண்டு வந்தேன். தலை வாரி, பூ வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்து, "நைனா துன்னாரா?" என்று கேட்டாய். நம் அப்பா செத்து எத்தனை காலம் ஆயிற்று? தூக்கக் கலக்கம் என்றார் மாமா. மூச்சு ஏன் இப்படி இறைக்கிறது என்றேன். மாடிப்படி ஏறி இறங்கினாள் என்றார். கட்டிலை விட்டே இறங்காதவள் எந்தப் படி ஏறினாய்?

சுகுணா சிஸ்டர் வந்தாள். தெர்மாமீட்டர் வைத்தாள். ஜுரம் இல்லை. மாமா சுதாவைப் பார்த்துத் தலையாட்டினார். சிஸ்டர் நகரவில்லை. உன் மார்பு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். உன் விரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். மெதுவாகத்தான் திரும்பியது. பிரஷர் மெஷினை ஒரு தடவை வைத்தாள், நம்பாமல் இன்னொரு தடவை வைத்தாள். மாங்காய்க் குவியல் மேலே குளுகுளுவென்றிருக்கும். உள்ளே கையை விட்டால்தான் சூடு தெரியும். அப்படிக் கையை விட்டுப் பார்க்கிறவளின் முகம் அது.

"அம்மா, இது எந்த ஊரு, சொல்லுங்க."

"பாகாலா. நிச்சயத்துக்கு வந்துக்கினு இருக்கோம்" என்றாய் நீ, சிரித்துக்கொண்டே.

அவள் மாமாவிடம் திரும்பினாள். "காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனாங்களா?"

"போச்சி, போச்சி."

"எத்தினி வாட்டி?"

"அதெல்லாம் யாருமா எண்ணிக்கினு இருப்பாங்க?"

"நான் எண்ணிக்கினு இருக்கேன், பெரியவரே. போகவே இல்ல. ஜுரத்துக்கு மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"அய்யோ, இல்லம்மா."

"திட்ட மாட்டேன். குடுத்திருந்தா சொல்லிடுங்க."

உன் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தெரிந்த மலையைக் காட்டி, "அந்த ஏழுமலையான் மேல ஆணை, குடுக்கல" என்றார். பார், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, யார் பேரில்! நீயும் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

விலை பேச வருகிறவன் முகத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். சுதா முகத்தைப் பார்த்தேன். அவள் கண் தலையணைக்குப் போய்விட்டுத் திரும்பியது. உறைக்குள் கையை விட்டேன். காலி மாத்திரை அட்டைகள். எடுத்துச் சிஸ்டர் கையில் கொடுத்தேன். நீ என்னை முறைத்தாய் அக்கா. புத்தி தடுமாறிய நிலையிலும் அதற்கு மட்டும் முறைத்தாய்.

சொன்ன சொல் தவறாமல் அவள் திட்டவில்லை. பயிற்சிப் பெண்ணைப் பார்த்து, "டாக்டரைக் கூப்புடு. செப்சிஸ் மாதிரி இருக்குன்னு சொல்லு, ஓடு" என்று கத்தினாள். அதன் பிறகு ஒரு கணம்கூட நிற்கவில்லை. மூக்கில் ஆக்சிஜன் மாட்டினாள். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாள். மருந்து போட்டுவிட்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கஷ்டமாம், அதனால் முதலில் ரத்தம். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டுச் சொன்னதும் வேறு ஆன்டிபயாடிக் ஏற்றினாள், சலைனை வேகமாக விட்டாள், மூத்திரம் எவ்வளவு இறங்குகிறதென்று அளக்கக் குழாய் போட்டாள். நொடிக்கொரு தரம் பிரஷர் பார்த்தாள். இடையில் என்னைப் பார்க்காமலே, "இதை நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் விட்டுவிட்டாள். நான் அந்த வாக்கியத்தைத் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

உன்னை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு வராந்தாவில் அவளை மடக்கிக் கேட்டேன். "கால்ல புண்ணுதானேம்மா. கால்லதானே இருக்கணும்?"

"கிருமி கால்லதான் பூந்துச்சி சார். அதோட சண்டை போடப் போன ஒடம்பு, வெறி புடிச்சி தன்னையே அடிச்சிக்கினு இருக்குது. செப்சிஸ்னா அதான். பிரஷர் எறங்கிடும், கிட்னி நின்னுடும், மூளை கொழம்பிடும். சீக்கிரம் புடிச்சா நிறைய பேரைக் காப்பாத்திடலாம். ஜுரம் எங்களுக்கு ஒரு மணி மாதிரி சார். நீங்க அந்த மணியோட நாக்கைப் புடிச்சிக்கினீங்க."

பிறகு உன் சிறுநீரகம் நின்றது. சில நாள் மெஷினோடு கிடந்தாய். முகூர்த்த நாள் வந்து, போயிற்று. ஆஷாடம் பிறந்தது. நீ போய்விட்டாய்.

அழுவதற்குக்கூட விடவில்லை உன் புகுந்த வீட்டுக்காரர்கள். வண்டி வண்டியாக ஆளைக் கூட்டிவந்து, உன்னை ஆஸ்பத்திரி வாசலில் கிடத்தி உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலில். உன் மேல் ஈ மொய்ப்பதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. கண்ணாடிக் கதவு உடைந்தது. டூட்டி முடித்து வெளியே வந்த சுகுணா சிஸ்டரின் கூந்தலைப் பிடிக்கப் பாய்ந்தான் உன் கொழுந்தன். நடுவில் போய் நின்றேன். என் சட்டை கிழிந்தது. "அக்கா செத்துக் கெடக்குறா, நர்ஸுக்குக் காவல் நிக்கிறியா நீ? த்தூ!" என்றான். துப்பியது என் தோளில் விழுந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகமும் சாமானியப்பட்டதல்ல. வார்டுக்கு ஏன் அத்தனை குறைவாக நர்ஸ் போட்டீர்கள் என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்ற பயம் அவர்களுக்கு. அதற்கு ஒருத்தியின் கழுத்தைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. பழக்கமான வியாபாரம்தான். சரக்கு கெட்டால் கடைசியாகத் தொட்டவன் தலையில் கட்டுவது. நானும் வியாபாரிதான், எனக்கே குமட்டுகிறது.

சாட்சி சொல்லப்போகிறேன் என்று தெரிந்ததும் மாமா மண்டிக்கே வந்துவிட்டார்.

"முனிரத்தினம், செத்தவ பேரைக் கெடுக்கப் போறியா?"

"பேரைக் கெடுத்தது நீங்க வெச்ச பேனர், மாமா."

"மாத்திரை வாங்கியாந்தது யாரு? சுதா. பாகாலாக்காரங்க காதுல உளுந்தா பெத்தவளைக் கொன்னவள்னு சொல்ல மாட்டாங்களா? உன் அக்கா பொண்ணு வீட்டோட நின்னுடும். அந்த நர்ஸு உனக்கு இன்னா, சொந்தமா பந்தமா?"

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன் அக்கா. ஒரு பக்கம் முன்பின் தெரியாத ஒருத்தியின் பிழைப்பு. இன்னொரு பக்கம் நீ உயிரைக் கொடுத்துப் பிடித்த வரன். ராப்பகலாக யோசித்தேன். உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பேசாமல் இருடா என்றுதான் சொல்லியிருப்பாய். அதற்காகவும் உன் மேல் கோபம்.

சுகுணா சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். கைகூப்பி வரவேற்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"பரிதாபப்பட்டு வராதீங்க சார். நீங்க வந்தாலும் வராட்டியும் நான் அளந்ததை அளந்தேன்னுதான் சொல்லப்போறேன்."

"நம்பலைன்னா?"

"நம்பலைன்னா வேலை போவும். அப்புறம் எந்த நர்ஸும் கையில இருக்குற தெர்மாமீட்டரை நம்ப மாட்டா. பேஷண்ட் தலகாணியைத்தான் மொதல்ல தேடுவா. அதுவும் நல்லதுதான்னு வெச்சிக்குங்க." பிறகு, "உங்க அக்கா என்னைச் சில்லுக்கைன்னு கூப்பிடுவாங்க. வார்டுல எல்லாருமே அப்பிடிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு உன்னைப் பிடித்திருந்தது அக்கா. இது உனக்குத் தெரியுமா?

முந்தாநாள் சுதா மண்டிக்கு வந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். நான் வாய் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"மாமா, திங்கக்கிழமை நானும் வரேன்."

"உங்க நைனா ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க மாட்டாரு. வாங்கியாந்தது நான். அம்மா கேட்டாங்க, குடுத்தேன். ஜுரம் கொறைஞ்சா நல்லதுதானேன்னு நெனச்சிக்கினேன். அந்தம்மா ரெண்டு நாளும் வந்து வந்து அளந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். அதை நீ எப்பிடி மாமா சொல்லுவே? நீதான் அங்க இல்லியே. நான்தான் சொல்லணும்."

அவள் சொன்னது சரி. அந்த இரண்டு நாளுக்கு நான் சாட்சி இல்லை. அவள்தான் சாட்சி.

"பாகாலால?" என்று கேட்டேன்.

"அவர்கிட்ட நானே போன்ல சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"யோசிக்கணும்னாரு. யோசிக்கட்டும் மாமா. கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சி யோசிக்கிறதுக்கு, இப்பவே யோசிக்கட்டும். நீ அம்மாவுக்கு எழுதறியாமே, என் பேரையும் போட்டு எழுது."

போட்டுவிட்டேன். உன் வயிற்றில் பிறந்தவளுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? உன்னிடமிருந்துதான் என்றால், நீ ஏன் அதை ஒரு தெர்மாமீட்டருக்கு முன்னால் காட்டவில்லை? "சிஸ்டர், எனக்கு ஜுரம் அடிக்குது" என்று ஒரு வார்த்தை. அவள் ஓடியிருப்பாள் அக்கா. இரண்டு நாள் முன்னாலேயே ஓடியிருப்பாள். இதைப் படிக்கிற யாராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தால், அல்லது யாருக்காவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், கால் ஜில்லென்று ஆனாலும், மூச்சு இறைத்தாலும், பேச்சு தடுமாறினாலும், எந்த மாத்திரையை விழுங்கியிருந்தாலும் நர்ஸிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆவதற்காக நல்ல உடம்புபோல் நடிக்காதீர்கள். என் அக்கா நன்றாக நடித்தாள்.

இனி உனக்கு என் வாக்கு. திங்கட்கிழமை காலை சுதாவை நானே என் காரில் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பிறகு நானும் சொல்வேன்: அந்தம்மா சரியாகத்தான் அளந்தாள், பொய் சொன்னது நாங்கள். உன் பேரைச் சொல்லும்போது என் குரல் இறங்காது. பாகாலா சம்பந்தம் நின்றால் நிற்கட்டும். உண்மையைக் கேட்டுவிட்டும் உன் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஒருவன் வருவான், அன்றைக்குத் தாம்பூலத் தட்டை உன் இடத்தில் நின்று நான் மாற்றுவேன். ஒருவனும் வராவிட்டால் என் மண்டியில் பாதி அவளுக்கு. ஆனால் உன்னைப் பிழைக்கவைக்க அந்த மத்தியானம் ஓடி ஓடி உழைத்தவளை, உன் பேரைச் சொல்லித் தெருவில் நிறுத்த விடமாட்டேன்.

முறைக்க வேண்டுமானால் முறைத்துக்கொள்.

உன் கூடப்பிறந்தவன்,
சுதாவின் தாய்மாமன்,
முனிரத்தினம்
சித்தூர்